எங்கே போய் நிற்பது?

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கணக்குகளில் கோணம் பெரும்பாலும் 30, 45, 60 பாகைதான். கலங்கரை விளக்கமும் கப்பலும் நமக்குத் தோதாக நின்றிருக்கும். எங்கே நின்று கோணம் எடுப்பது என்று மாணவர் யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்கு இந்தப் பாடத்தின் உயிரே அந்த யோசனையில்தான் இருப்பதாகப் படுகிறது. அதற்காகவே ஏரியின் அகலத்தை அளக்க என் மாணவர்களைக் கரைக்கு அழைத்துப் போகிறேன்.

எதிர்க்கரையில் ஒரு தனிப்பனை. அதற்கு நேராக இந்தக் கரையில் முளை அடிப்போம். கரையோரமாக நாம் நடக்கும் கோடு, முளையிலிருந்து பனையைப் பார்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் முறையே போதும்: ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி.

முதலில் 50 மீட்டர் நடந்து, அட்டையில் ஒட்டிய பாகைமானியால் கரைக்கோட்டுக்கும் பனைக்கும் இடையே உள்ள கோணத்தைப் பார்த்தோம். ஒரு பெண் 78 என்றாள். டேன் என்பது இங்கே ஏரியின் அகலத்தை நாம் நடந்த தூரத்தால் வகுத்த விகிதம். டேன் 78 என்பது 4.70, ஐம்பதால் பெருக்கினால் அகலம் 235 மீட்டர். அடுத்துப் பார்த்த பையன் 79 என்றான். அப்படியானால் 257! ஒரே ஒரு பாகைக்கு 22 மீட்டர் வித்தியாசம். கையில் பிடிக்கும் பாகைமானியில் ஒரு பாகை முன்னே பின்னே போகத்தான் செய்யும். யார் சரி என்று சண்டையே வந்துவிட்டது.

சரி, இன்னும் தள்ளிப் போவோம் என்று 200 மீட்டருக்குப் போனோம். அங்கே 50 பாகை, அதாவது 238 மீட்டர். 51 என்று வைத்தாலும் 247தான். 90 பாகையை நெருங்க நெருங்க டேன் மதிப்பு கிடுகிடுவென்று ஏறுவதால் வரும் வினை இது. 45 பாகைக்குப் பக்கத்தில்தான் பிழையின் விகிதம் மிகக் குறைவு.

கோணத்தில் மட்டுமல்ல, நடந்து அளக்கும் தூரத்திலும் பிழை கூடாது. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையைத் தொடங்கியபோது அடிக்கோட்டுக்கு, அதாவது தரையில் நேரடியாக அளக்கும் முதல் கோட்டுக்கு, அவ்வளவு மெனக்கெட்டதும் இதனால்தான். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளுமே என்று வெப்பமானியும் வைத்துக்கொண்டார்கள். அவருடைய முக்கோணங்கள் செங்கோண முக்கோணங்கள் அல்ல. ஆனாலும் அடிக்கோட்டில் பிழை வந்தால் அதன்மேல் எழும் எல்லா முக்கோணங்களிலும் அது தொடரும்.

டேன் அட்டவணை கையில் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சதுரத் தாளை மூலைவாக்கில் மடித்தால் 45 பாகை. ஒரு ஓரத்தை முளையை நோக்கி வைத்துக்கொண்டு, மடிப்பின் நேரே பனை தெரியும்வரை நடங்கள். முளையிலிருந்து நடந்த தூரம்தான் ஏரியின் அகலம்.