கடன் ஃபைலுக்கு ஆவணம் வாங்கிய கதை

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம். ஆட்கள் மூன்று பேர். ஜிஎஸ்டி தாக்கல் செய்வதுதான் முக்கிய வேலை. கூடவே சிறுதொழில் கடனுக்கு ஃபைல் போட்டுக் கொடுக்கிறோம். மத்திய அரசின் முத்ரா, மானியத்தோடு வரும் பிஎம்இஜிபி, மாநில அரசின் நீட்ஸ், இப்படி யாருக்கு எது பொருந்துமோ அது. அப்பளம் போடுகிறவர்கள், எவர்சில்வர் பட்டறைக்காரர்கள், சுங்குடிச் சேலைக்காரர்கள், உசிலம்பட்டிப் பக்கம் செக்கு போடலாம் என்று கிளம்பியவர்கள் எல்லாரும் வருவார்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அது இரண்டு நாள் வேலை. ஆவணம் வாங்குவதற்குத்தான் மூன்று வாரம் ஓடும். ஆதார், பான், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், மெஷின் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், படிப்புச் சான்று, சாதிச் சான்று, கிராமமாக இருந்தால் ஊரகப் பகுதி என்பதற்கான சான்று. ஏதோ சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள் என்று கடைசி இரண்டையும் பலர் தள்ளிப் போடுவார்கள். பிஎம்இஜிபியில் நகரத்துப் பொதுப்பிரிவுக்கு மானியம் 15 சதவீதம், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பெண்கள் முதலான சிறப்புப் பிரிவுக்குக் கிராமத்தில் 35 சதவீதம். 10 லட்ச ரூபாய்த் திட்டத்தில் அந்த இரண்டு தாளின் விலை 2 லட்சம்.

இவையெல்லாம் எங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒரே படம் மூன்று தடவை, தலைகீழாக, கட்டைவிரலோடு. ஒருவர் பான் கார்டை டீக்கடை பெஞ்சில் வைத்து எடுத்திருந்தார். பக்கத்துத் தட்டிலிருந்த வடை அத்தனை தெளிவாக விழுந்திருந்தது, எண்தான் விழவில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, இதற்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று உட்கார்ந்தேன். முதலில் கூகுள் ஃபார்ம். பத்துப் பேருக்கு லிங்க் அனுப்பினேன், இரண்டு பேர் நிரப்பினார்கள். ஃபைல் ஏற்றும் கேள்வி இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்துதான் நிரப்ப முடியும். போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்த கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அனுப்பானடி அக்கா ஒருவர் போனில் சொன்னார்: “தம்பி, அது என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. நான் நேர்லயே வந்து குடுத்துர்றேன்.” ஃபார்ம் அத்தோடு சரி.

அப்புறம்தான் அவர்கள் வழியை மாற்றாமல் நம் பக்கத்தை மாற்றிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வருவது வரட்டும். அலுவலகத்தில் இருக்கும் பெண் அதை கூகுள் டிரைவில், அனுப்பியவரின் போன் எண் போட்ட ஃபோல்டரில் சேமிப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது கூகுளிலேயே எழுதி வைத்த ஒரு சின்ன நிரல், தானே ஓடும். புதிதாக வந்த படத்தை கூகுள் டாக்ஸாக மாற்றினால் அதிலுள்ள எழுத்தைத் தானே படித்துக் கொடுத்துவிடும். அதை வைத்து இது பான், இது கரண்ட் பில் என்று பெயர் மாற்றி, ஷீட்டில் டிக் போட்டு, இன்னும் எது வரவில்லை என்று தமிழில் ஒரு செய்தி தயார் செய்யும். அந்தச் செய்தியை அனுப்புவது மட்டும் கையால். ஸ்கிரிப்டின் ஒரு ஓட்டத்துக்கு கூகுள் தருவது ஆறு நிமிடம்தான். திங்கட்கிழமை குவியலில் ஸ்கிரிப்ட் பாதியில் நின்று நின்று போனது. தடவைக்கு ஐந்து ஃபைல் என்று குறைத்த பிறகு ஒழுங்காக ஓடியது.

எழுத்தைப் படிப்பதில் எனக்குப் பிடித்த இடம் பான் எண். ஓ என்ற எழுத்தையும் சைபரையும் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் அந்த வசதி, குழப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் பான் எண்ணுக்கு ஒரு உருவம் உண்டு: முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. ஆகவே மூன்றாவது இடத்தில் சைபர் என்று படித்தால் அது ஓ தான். ஏழாவது இடத்தில் ஓ என்று படித்தால் அது சைபர்தான். இதைத் திருத்த நாலு வரி போதும். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கும், அடுத்த பத்தும் பான் எண். இரண்டையும் ஒப்பிட்டால் படித்தது சரியா என்று தெரிந்துவிடும். இதில் எதிர்பாராத ஒன்றும் மாட்டியது. தனி ஆளாகக் கடன் கேட்ட ஒருவரின் ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருந்த பானில் நான்காவது எழுத்து எஃப். தனிநபர் என்றால் பி இருக்க வேண்டும், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப். விசாரித்தால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திப் பிரிந்துபோன பட்டறையின் எண் அது. நான் கண்ணால் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன்.

பெயரில் ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. ஆதாரில் எம். செல்வி, பான் கார்டில் செல்வி முருகேசன். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் வாரம் ஷீட் முழுக்கச் சிவப்பு. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை மதுரை மாவட்டத்தில் யாருக்கும் ஒரே பெயர் இரண்டு கார்டில் இல்லை. ஒற்றை எழுத்தைக் கழித்துவிட்டு மீதியை ஒப்பிட்டு, இடித்தால் மஞ்சள் மட்டும் போடு, முடிவு நான் எடுக்கிறேன் என்று மாற்றினேன். கையால் எழுதிய பழைய டிசி, பழைய சாதிச் சான்று, பாஸ்வேர்டு போட்ட ஸ்டேட்மெண்ட் மூன்றும் இன்றுவரை நேராக என் மேசைக்குத்தான் வரும். பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவது தனிக் கதை.

பெரிய தப்பு வேறிடத்தில் நடந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரே மகளிர் குழுவைச் சேர்ந்த மூன்று பெண்கள், ஆளுக்கு 50,000 ரூபாய்க்கு, முத்ராவில் மிகச் சிறிய கடனான சிசு கடனுக்கு வந்தார்கள். மூவர் ஆவணத்தையும் ஒருவருடைய மகன் தன் போனிலிருந்து அனுப்பினான். ஒரு போன் எண்ணுக்கு ஒரு விண்ணப்பதாரர் என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தது நான். மூன்று ஆதார் வந்ததும், கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பழைய பிரதி என்று ஒதுக்கிவிட்டது. ஒருவர் ஆதாரும் இன்னொருவர் பாஸ்புக்குமாக ஃபைல் போய், மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அச்சடித்த பிறகு நான் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். போனில் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா, “ஒருநாள் கூலிய விட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டோம் தம்பி” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊரில் பாதிக் குடும்பத்துக்கு ஒரு போன்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒரு துண்டுச் சீட்டு அடித்தேன். பெரிய எழுத்தில் நாலு இலக்க எண். முதல் நாள் வரும்போதே ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம். தாளின் பக்கத்தில் சீட்டை வைத்துப் படம் எடுக்க வேண்டும். கொட்டை எழுத்து இலக்கத்தை ஓசிஆர் அநேகமாகத் தப்பாகப் படிப்பதில்லை. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்றும் சீட்டின் பின்னால் அச்சடித்திருக்கிறோம். அதை யாரும் படிப்பதில்லை.

இப்போது ஒரு ஃபைல் சேர அநேகமாக ஒரு வாரம்தான் ஆகிறது. நேரம் மிச்சமானது ஓசிஆரால் என்று முதலில் பெருமைப்பட்டுக்கொண்டேன். உண்மையில் அது இல்லை. முன்பெல்லாம் வந்த படங்களைச் சனிக்கிழமைதான் மொத்தமாகத் திறப்போம். கரண்ட் பில்லில் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று நாங்கள் சொல்லும்போது பில் பரணுக்குப் போயிருக்கும். இப்போது கால் மணி நேரத்தில் செய்தி போய்விடுகிறது. தாள் இன்னும் அவர்கள் கையிலேயே இருக்கிறது, இன்னொரு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆதார் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த பிரதி போதுமென்றால் அதுதான். முழுப் பிரதி கேட்டால், ஃபைல் போன பிறகு டிரைவிலிருந்து அழித்துவிடுவோம்.

போன வாரம் வில்லாபுரத்துப் பட்டறைக்காரர் ஒருவர் மஞ்சப்பையோடு மாடி ஏறி வந்தார். “அண்ணே, உங்களுது எல்லாம் வாட்ஸ்அப்ல வந்துருச்சே” என்றேன். “தெரியும் தம்பி, இருந்தாலும் நேர்ல குடுத்தாத்தான் மனசு ஆறும்” என்று பையைக் கவிழ்த்தார். எங்கள் துண்டுச் சீட்டைப் பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் ஒன்றைப் பின் அடித்திருந்தார். ஆதார் ஜெராக்ஸில் சரியாக எண்ணின் மேலேயே அடித்திருந்தார்.