வாயில ஒண்ணுமில்ல, மென்னுக்கினே இருக்கு

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கால்நடை மருத்துவமனை நடத்துகிறேன். வருவதில் முக்கால்வாசி நாய்கள், அதிலும் பெரும்பாலும் நாட்டு நாய்கள். 2018 அக்டோபரில் ஒரு காலை, காசிமேட்டுப் பையன் ஒருவன் வந்தான். பதினாறு வயது இருக்கும். மீன் கூடையில் பழைய லுங்கியை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு குட்டியைப் படுக்க வைத்திருந்தான்.

"டாக்டரம்மா, மூணு நாளா எதுவும் துன்னல. வாயில ஒண்ணுமில்ல, ஆனா சும்மா மென்னுக்கினே இருக்கு பாருங்க."

பார்த்தேன். தாடை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கடைவாயில் நுரை. கண் இரண்டும் பீளையில் ஒட்டிக் கிடந்தன. மூக்கு நுனி காய்ந்து வெடித்திருந்தது. பாதத்தின் அடியைத் தொட்டால், குட்டிக்கு இருக்க வேண்டிய மெத்து இல்லை. வெயிலில் கிடந்த தோல் செருப்பு மாதிரி விறைத்திருந்தது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். அதற்கென்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்க ஊசி போடலாம், குளுக்கோஸ் ஏற்றலாம், வேறு கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தாடை ஆட ஆரம்பித்துவிட்டால் வைரஸ் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அன்று இரவே அந்தக் குட்டி இறந்துபோனது.

அந்த வாரம் செய்தித்தாளைத் திறந்தால் கிர் சிங்கங்கள்தான். குஜராத்தில் கிர் கிழக்குப் பகுதியின் தல்கானியா சரகத்தில் மூன்று வாரத்துக்குள் 23 சிங்கங்கள் செத்துப்போயிருந்தன. முதலில் சண்டையில் ஏற்பட்ட காயம் என்றார்கள். அப்புறம் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரிகளைச் சோதித்து, கேனைன் டிஸ்டெம்பர் (கேனைன் என்றால் நாய்) வைரஸ் இருக்கிறது என்று உறுதி செய்தது. கூடவே உண்ணி மூலம் பரவும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் இருந்தது. படித்ததும் எனக்குக் கை சில்லிட்டது. அந்த மீன் கூடையில் நான் பார்த்த அதே நோய். உண்ணியும் நான் தினமும் நாய்க் காதுக்குள்ளிருந்து எடுத்துப் போடுவதுதான்.

பெயரில் நாய் இருப்பதால் இது நாய்க்கு மட்டும் வரும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கத்துக்கும் வரும், சிறுத்தைக்கும் வரும், நரிக்கும் வரும். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் இதே வைரஸால் சுமார் 1,000 சிங்கங்கள் இறந்தன, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. அங்கும் பபீசியா கூட இருந்தது. வைரஸ் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சாய்த்துவிட, ஒட்டுண்ணி உள்ளே புகுந்து ரத்தத்தை அழிக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களின் நாய்களிலிருந்துதான் அது காட்டுக்குள் போனது என்று அறிஞர்கள் கருதினார்கள். தெருவில் ஒரு நாய் இருமினால் அடுத்த நாய்க்கு ஒட்டிக்கொள்ளும். சிங்கங்களும் கூட்டமாகத்தான் வாழ்கின்றன. ஒரே இரையை நெருங்கி உட்கார்ந்து தின்கின்றன, ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கின்றன.

அந்தப் பையன் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தாய் நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. கூடையில் வந்தது முதலாவது. அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று போயின. ஐந்தாவது பிழைத்தது, ஆனால் பின்னங்கால் ஒன்று நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே இருந்தது. அது தூங்கும்போதுகூட அந்தக் கால் மட்டும் கடிகார முள் மாதிரி துடிக்கும். ஆறாவது ஒரு செவலைப் பெட்டை. நாற்பது நாளிலேயே மீஞ்சூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன் உடம்பில் தனி வலு எதுவும் கிடையாது. நோய் வந்தபோது அது அந்தத் தெருவில் இல்லை, அவ்வளவுதான்.

கிர் சிங்கங்களுக்கு அப்படி ஒரு மீஞ்சூர் இல்லையே என்பதுதான் அன்றிலிருந்து என் கவலை. ஒரு காலத்தில் மேற்கு ஆசியா முதல் வட இந்தியா வரை திரிந்த ஆசியச் சிங்கம், இன்று காட்டில் வாழ்வது குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் மட்டும்தான். வேட்டையில் அழிந்து கைவிரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்தபோது, ஜுனாகத் நவாப்புகள் தடை போட்டுக் காப்பாற்றினார்கள். கிர் காட்டில் மாடு மேய்க்கும் மால்தாரிகள் தங்கள் எருமைகளைச் சிங்கம் அடித்தாலும் பொறுத்துக்கொண்டு பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அந்த மக்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவ்வளவு குறைந்து மீண்டதால்தான் இன்றைய சிங்கங்கள் எல்லாம் நெருங்கிய உறவு. ஒன்றை வீழ்த்தும் கிருமி பக்கத்துச் சிங்கத்தையும் வீழ்த்த வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வீடு தேடும் முயற்சி புதிதல்ல. 1957இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா சரணாலயத்தில் ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் விட்டார்கள். 1965இல் அவை 11 ஆகப் பெருகின. அப்புறம் ஒன்றுகூட இல்லாமல் போயின. 1990களில் இந்திய வனவுயிர் நிறுவனம் பல இடங்களை ஆராய்ந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டைத் தேர்ந்தெடுத்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் சிங்கங்களை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றுவரை ஒரு சிங்கமும் போகவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து வந்த சீட்டாக்களைத்தான் அங்கே விட்டார்கள். சீட்டா மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் காத்திருந்தது சிங்கம்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சிங்கத்துக்காக என்று சொல்லி குனோவிலிருந்து 24 கிராமங்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலும் சகரியா பழங்குடி மக்கள். எங்கள் பகுதியில் கால்வாய்க் கரைக் குடிசைகளை எடுத்து, குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாயை லாரியில் ஏற்ற விடவில்லை. இடிந்த சுவரோரம் அவை மாதக்கணக்கில் அதே இடத்தில் படுத்துக் கிடந்தன. அவற்றுக்கு ஊசி போடப் போனபோது, பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர், "அதுங்க ஆளுங்க வருவாங்கன்னு பாத்துக்கினு இருக்குதுங்கம்மா" என்றார். வீட்டை விட்டுப் போவது என்றால் என்ன என்று தெரிந்த மக்கள் எங்கள் மக்கள். சகரியாக்கள் எந்தச் சிங்கத்துக்காக இடம் விட்டார்களோ, அந்தச் சிங்கம் வரவேயில்லை. அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2025 மே மாதக் கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் என்று அறிவித்தார்கள். 2015இல் 523, 2020இல் 674. நல்ல செய்தி, சந்தேகமே இல்லை. போர்பந்தர் அருகே பர்டா காட்டிலும் சிங்கங்கள் தாமாகவே போய்க் குட்டி போட்டிருக்கின்றன. "இவ்வளவு பெருகிவிட்டதே, இன்னும் எதற்கு இடமாற்றம்?" என்று கூடப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அந்த எண்ணிக்கையே பயமாக இருக்கிறது. பாதிக்கு மேல் சிங்கங்கள் இப்போது காப்புக் காட்டுக்கு வெளியே, வயலிலும் ஊரோரத்திலும் வாழ்கின்றன. ஊர் என்றால் நாய் உண்டு, நாய் என்றால் உண்ணி உண்டு. பர்டா கிரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். சிங்கம் நடந்தே போய்ச் சேர்ந்த தூரத்தை நோயும் கடந்துவிடும்.

தொலைவில் இன்னொரு வீடு கிடைக்கும்வரை செய்யக்கூடியது காட்டைச் சுற்றியுள்ள நாய்களுக்குத் தடுப்பூசி. சிங்கத்துக்கே போடலாமே என்றால், அது அவ்வளவு சுலபமில்லை. நாய்க்குப் போடும் ஊசியில் இருப்பது வலு குறைத்த உயிருள்ள வைரஸ். அதைப் போட்டதாலேயே சிவப்புப் பாண்டாக்களுக்கு நோய் வந்த அனுபவம் உண்டு. அதனால்தான் 2018இல் வேறு வகைத் தடுப்பூசியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். நாய்க்கோ ஆறாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். ஒரு தெருவுக்கே திரும்பத் திரும்பப் போய் நின்றால்தான் நடக்கிறது. நானும் உதவியாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியோடு போகிறோம்.

891 என்ற செய்தி வந்த அதே வாரம் செவலை வந்திருந்தது. ஏழு வயது, முகவாயில் நரை. வருஷா வருஷம் ஊசிக்கு மீஞ்சூரிலிருந்து கூட்டிவருவது அந்தப் பையன்தான். இப்போது துறைமுகத்தில் வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. சொந்தமாக வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். "அப்ப இவளைக் கூட்டிட்டு வந்துடலாமே?" என்று கேட்டேன்.

அவன் செவலையின் காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வேணாம் டாக்டரம்மா. அக்கா வூட்லயே இருக்கட்டும். இன்னோரு குட்டி வேணா நான் இங்க வளக்கறேன்."

அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன்.