மாரி முடிந்த கையோடு: திருகோணமலைக்கு வடக்கே கரையோர நடை

கரையோரம் நடக்க நல்ல காலம் எது என்று கேட்டால், தை கடைசியிலிருந்து பங்குனி நடுவரை என்பேன். மழை விட்டிருக்கும், ஓடைகளில் தண்ணீர் நிற்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்காது. நிலாவெளி விடுதிக்காரர்களின் ‘சீசன்’ மே மாதமளவில்தான் சூடுபிடிக்கும் என்பதால் கரையும் வெறிச்சென்றிருக்கும். கார்த்திகை, மார்கழியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது துணிச்சல் அல்ல, வீம்பு. 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பர் 2 இரவு கரையேறிய புரெவியும் இந்தப் பக்கத்தையே தேடி வந்தவை.

நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று பாதை வடக்கே போகிறது. வரைபடத்தில் நேர்கோடு போலத் தெரியும். நாளின் கணக்கைக் குழப்புவது தூரமல்ல, களப்புகளின் முகத்துவாரங்கள்தான். கோடையில் மண்மேடு அடைத்துக் கிடக்கும் வாய், மாரியில் உடைத்துக்கொள்ளும். களப்பு நிரம்பி, கடலுக்கும் அதற்கும் இடையில் ஒடுங்கிய மண்திட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அதன்மேல் நடக்காதீர்கள். சிறு கீறலாகத் தொடங்கும் உடைப்பு சில மணி நேரத்தில் பல மீற்றர் அகலமாகும். மேலே உறுதியாகத் தெரியும் விளிம்பின் அடிமணலைத் தண்ணீர் அரித்திருக்கும்.

கடல் வற்றட்டும் என்று காத்திருப்பதிலும் பெரிய இலாபமில்லை. எங்கள் கடலில் ஏற்றவற்றம் அரை மீற்றரைச் சுற்றித்தான். ஒரு தடியை முகத்துவாரத்து ஓட்டத்தில் போட்டுப் பாருங்கள்; கரையில் சாதாரணமாக நடந்து அதை எட்ட முடியாவிட்டால் இறங்க வேண்டாம். தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலும் அதே பதில்தான். கடப்பதானால் ஒடுங்கிய இடத்தை விட்டு, அகன்று பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் ஆழமும் வேகமும் குறையும். இடுப்புப் பட்டியையும் நெஞ்சுப் பட்டியையும் கழற்றிவிட்டு, கையில் தடியுடன், நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடி வையுங்கள். விழுந்தால் பை தனியே போகட்டும். கலங்கிய களப்பு நீரில் முதலை இருக்கலாம். அதனால் இறக்கக்கண்டி போல் பாலம் உள்ள இடத்தில் பாலத்தால் போவதே புத்தி. புல்மோட்டை வீதி கரையை ஒட்டியே வருகிறது.

மலையோடைக்குப் பழகியவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. நக்கிள்ஸ் மலைப் பக்கத்து ஓடை மழையோடு ஏறி, மழை விட்டதும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இந்தக் கரையில் கடலோடு சேரும் யான் ஓயா அப்படியல்ல. சமதரையில் நெடுந்தூரம் ஓடிவரும் ஆறு மெதுவாக ஏறி நாட்கணக்கில் நிற்கும். மேலே நீர்த்தேக்கக் கதவு திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் ஏறும். அன்று காலையில் ஊர்க்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கூடாரம் போட, அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும் எல்லைக்கு உள்ளே வாருங்கள். கொடி பிடிக்காத வெறும் மணல் அலைக்குச் சொந்தம். சாதாரண ஆணி மணலில் நிற்காது: மாலையில் ஈரத்தில் இறுகியது போலிருக்கும், காய்ந்ததும் வாடை பிடுங்கிவிடும். சிறு பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். வாசல் தென்மேற்கே பார்க்கட்டும். தென்னை, பனைக்குக் கீழே படுக்கவே வேண்டாம்.

பைக்கு வெளியே போடும் மழையுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கத்தால் நீர் இறங்கும். பைக்குள்ளே தடித்த பொலித்தீன் உறையை விட்டு, வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஈரமணலில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் போகலாம், பொருபொரு மணலில் அதில் பாதிதான்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர். உவர்நீரைக் கொதிக்கவைத்தாலும் துணியில் வடிகட்டினாலும் உப்புப் போகாது. வயல் வாய்க்கால் நீரோ எலிக்காய்ச்சலுக்கு வழி. காலில் புண் இருந்தால் அதில் இறங்கவும் கூடாது. வீட்டுக் கிணற்றில் கேட்டு அள்ளுவதுதான் நல்லது, கேட்டால் இல்லை என்பவர்கள் குறைவு. திரியாய்ப் பக்கம் அந்திக்குப் பிறகு உள்பாதையில் நடக்காதீர்கள், யானை இறங்கும். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். கடற்படை வேலி வந்தால் சுற்றிப் போக முயலாமல் வீதிக்கு ஏறி பஸ் பிடியுங்கள்.