புருவ முடியைப் பிடுங்கிப் பார்த்த பிறகு

என் மகளுக்கு நெதர்ட்டன் சின்ட்ரோம் என்ற அரிய பரம்பரைத் தோல் நோய் என்று தெரியவர நாலு வருடம் ஆனது.

பிறந்தபோதே உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தோல் உரிந்தது. பத்தே நாளில் வாடித் துவண்டாள். தோல் வழியாகவே தண்ணீர் போய் ரத்தத்தில் சோடியம் ஏறியிருந்தது. ஈரோட்டில் ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதன்பின் பார்த்த எல்லோருக்கும் அது கரப்பான்தான். முடி விரல் நீளத்துக்கு மேல் வளராமல் ஒடியும். "மொட்டை அடிச்சா அடர்த்தியா வரும் கண்ணு" என்று அம்மாயி சொல்ல, பழநியில் மூன்று தடவை அடித்தோம்.

ஒரு இடத்தில் டாக்ரோலிமஸ் என்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். சாதாரணக் கரப்பானுக்கு நல்ல மருந்துதான். நானும் காலை, மாலை உடம்பு முழுக்கத் தடவினேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கோவையில் ஒரு தோல் டாக்டரம்மா முதலில் முடியைத்தான் பார்த்தார். "தலைமுடி மட்டும் போதாதுங்க, புருவத்துலயும் எடுக்கணும்" என்று சிலதைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முடியின் ஒரு துண்டு இன்னொன்றுக்குள் செருகி, மூங்கில் கணு போல முடிச்சு. இந்த நோயின் அடையாளமான அந்த முடிச்சு எல்லா முடியிலும் இருக்காது, அதனால் பல முடிகளைப் பார்க்க வேண்டுமாம். அன்றே ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவையும் பார்த்தார். கூடுதலாக இருந்தது, உடனே நிறுத்தினோம்.

அவர் விளக்கியது இது: பழைய தோல் உதிர, செல்களைப் பிணைக்கும் புரதத்தை வெட்டும் நொதிகள் நம் எல்லோருக்கும் உண்டு. அவற்றை அடக்கிவைப்பது லெக்டி என்ற புரதம். "அது இல்லீன்னா மூக்கணாங்கயிறு இல்லாத காளை மாதிரிங்க." தோல் மெலிந்துபோவதால் பூசுகிற மருந்தெல்லாம் உள்ளே இறங்கிவிடுகிறது.

லெக்டியை உருவாக்கும் ஸ்பிங்க் 5 மரபணுவைப் பரிசோதித்ததில் நோய் உறுதியானது. என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும், இருவரிடமும் அதே பழுது. எங்களுக்கு ஒன்றும் செய்யாது. பழுதான பிரதி இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீத வாய்ப்பு. பழுது இன்னதென்று தெரிந்ததால், அடுத்த குழந்தைக்குப் பதினோரு வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலேயே பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது பாசிப்பயறு மாவு தேய்ப்பதில்லை. குளித்த ஈரத்தோடு வெள்ளை வாசலின். புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும், மகளைக் காட்டும் முன் அந்த ரிப்போர்ட்டை மேசையில் வைக்கிறேன்.