ஏ.ஆர். காப்பியில் எழுதிய ஒரு வரி

கோயம்புத்தூரில் மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கும் பட்டறை ஒன்றில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினை ஆறு வருடம் ஓட்டினேன். 2022 மார்ச்சில் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும், நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன. அதற்குத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் வரவேண்டியதை வாங்கி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மெஷின் பக்கத்தில் நின்று பிழைப்பவர்கள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது கால் பெடல் வைத்த பழைய 40 டன் பிரஸ். பெடலை ஒரு முறை மிதித்தால் ஒரு அடிதான் இறங்க வேண்டும். கிளட்சுக்குள் இருக்கும் சாவி என்கிற இணைப்புத் துண்டு தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ மிதிக்காமலே இரண்டாவது அடி இறங்கும். இந்த வகை கிளட்சில் சென்சார் வைத்தும் பயனில்லை, மேலிருந்து வந்து அடிக்கும் பாகமான ராம் இறங்கத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. தகட்டை வெட்டும் அச்சான டையைச் சுற்றி விரல் நுழையாதபடி கம்பிக் கூண்டு போடுவதுதான் வழி. எங்கள் மெஷினில் கூண்டு கிடையாது. ஆபத்தான பாகத்தை மறைத்து வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அப்போது சொல்லியிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

விபத்து நடந்த அன்று காலையிலேயே இரண்டு முறை அப்படி மிதிக்காமலே அடித்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இந்த லாட்டை மட்டும் முடிச்சிரு தம்பி, மத்தியானம் ஃபிட்டர் வந்துருவாரு" என்றார். பதினொன்றரை மணிக்கு, டையில் ஒட்டிய துண்டை எடுக்கக் கையை விட்டேன்.

பக்கத்து மெஷின் ஒடிசாக்காரத் தம்பிதான் துணியால் இறுக்கிப் பிடித்தான். துண்டான விரலை யாரோ நேராக ஐஸுக்குள் போட்டுவிட்டார்கள். அப்படிப் போடக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். என் விரல் நசுங்கியிருந்ததால் எப்படியும் ஒட்ட வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கத்தி, கட்டர் பட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் விரல் மிஞ்சலாம்.

தனியார் மருத்துவமனை வாசலில் வண்டி நின்றதும் சூப்பர்வைசர் காதருகே வந்தார். "வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு தம்பி. செலவு பூரா நாங்க பாத்துக்கறோம்." நான் தலையாட்டிவிட்டேன். அந்த வலியில் யார் எது சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது, ஓடி வந்திருந்த என் அக்கா முந்திக்கொண்டு, "வேலை செய்யற எடத்துல பிரஸ் மெஷின்ல அடிபட்டுச்சுங்க, அப்படியே எழுதுங்க" என்றாள். அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபோது, வழுக்கி விழுந்தார் என்று எழுதியதால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்தக் காயத்தோடுதான் அவள் பேசினாள்.

விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் அந்த வரி ஏறியது. அதன் பிறகு நடந்த எல்லாமே அதன் மேல்தான் நின்றன.

விபத்து நடந்தால் நிறுவனம் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் படிவம் 12இல் அறிக்கை அனுப்ப வேண்டும், விபத்துப் புத்தகத்திலும் எழுத வேண்டும். எங்கள் பட்டறை இரண்டையும் செய்யவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஈ.எஸ்.ஐ. பதிவு எண்ணான ஐ.பி. நம்பர் இவற்றோடு நானே கிளை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அலுவலர் பட்டறைக்கே வந்து விசாரித்தார். ஒடிசாத் தம்பி மட்டும் பார்த்ததை அப்படியே சொன்னான். சொல்வதற்கு அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டதும் தற்காலிக ஊனப் பலன் கிடைத்தது. சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். எனக்கு 500 ரூபாய் கணக்கில் நாளொன்றுக்கு 450, 68 நாளுக்கு 30,600 ரூபாய். இதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் விடுபடாமல் இருக்க வேண்டும். தனியாரில் தையல் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்துக்குச் சான்றிதழ் இல்லாமல் நான் அலைந்தது போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம், நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மருத்துவக் குழு. காத்திருந்த பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் நூல் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினைத் துடைக்கும்போது கை மாட்டிய ஓர் அம்மா. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே துடைக்கச் சொன்னார்களாம். அந்தப் பக்கம் ஃபவுண்டரிக்காரர் ஒருவர். ஈரமான ஸ்கிராப்பை உலையில் போட்டதால் உருகிய இரும்பு தெறித்து, லேஸ் கட்டிய ஷூவுக்குள் இறங்கியிருந்தது. "ஈரமா இருக்குன்னு சொன்னனுங்க" என்றார். அந்த அம்மாவும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மூன்று பேரும் முன்கூட்டியே சொன்னவர்கள்தான்.

உள்ளே டாக்டர்கள் கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். விரலுக்கு எத்தனை சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கு 11, நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. ஆக 18. அந்த 450இல் 18 சதவீதம், நாளுக்கு 81 ரூபாய், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடும் செய்யலாம்.

ஒடிசாத் தம்பிக்கு ஈ.எஸ்.ஐ. பதிவே செய்யவில்லை என்பது விசாரணையின்போதுதான் வெளியே வந்தது. பதிவு செய்யாதது முதலாளியின் தவறு. அதற்காகத் தொழிலாளிக்கு உரியது போகாது. ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதை அவனுக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். இப்போது அவன் வேறு பட்டறையில் இருக்கிறான். சேர்ந்த மறுவாரமே ஐ.பி. நம்பரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். மெஷின்ல கூண்டு இருக்கா என்று கேட்டேன். இன்னொரு போட்டோ வந்தது, கூண்டோடு.