பேசியது 150 யுவான், கொடுத்தது 240

சீனாவின் சியான் நகரிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் முதலில் அந்த டாக்சிக்காரர். சீனாவின் முதல் பேரரசர் சமாதிக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் பொம்மைகளைப் பார்த்துவிட்டு வர 150 யுவான் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டியவர், போகிற வழியில் ஒரு பொம்மைக் கடையில் அரை மணி நேரம் நிறுத்தினார். திரும்பி வந்து இறங்கும்போது 300 கேட்டார். காத்திருந்ததற்குக் கூலியாம். கத்திப் பேசி 240-க்கு முடித்தேன். ரூபாய்க்கு மாற்றச் சுமார் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், என் வயிற்றெரிச்சல் புரியும். மெட்ரோவில் ஹுவாச்சிங்ச்சி வரை போய்ப் பஸ் மாறியிருக்கலாம். புத்தி அப்புறம்தானே வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேரரசரின் சின் அரசு தலையெடுத்த கதையே சொன்ன கூலியைக் கொடுத்ததில்தான் தொடங்குகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஷாங் யாங் என்ற அமைச்சர் சந்தையின் தெற்கு வாசலில் ஒரு மரக்கம்பத்தை நட்டு, இதை வடக்கு வாசலுக்குக் கொண்டுபோனால் பத்துப் பொன் என்றார். எவனும் நம்பவில்லை. ஐம்பது என்றார். ஒருவன் தூக்கிப் போனான், ஐம்பதும் அவன் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சட்டங்களை வெளியிட்டார். மன்னன் ஒழுக்கமாக இருந்தால் குடிகளும் இருப்பார்கள் என்பது கன்பூசியஸ் வழி. ஷாங் யாங்குக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பரிசு, தண்டனை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குற்றத்தை மறைத்தால் உனக்கும் தண்டனை.

அந்த வீரர்கள் நிற்கும் முதல் குழியின் முன் நின்றபோது டாக்சி மறந்துபோனது உண்மை. 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்டது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது முகங்கள் அல்ல, பெயர்கள். பொம்மைகளில் குயவர் பெயர், வெண்கல ஆயுதங்களில் செய்தவன் பெயரும் மேற்பார்த்தவன் பெயரும். கலைஞனுக்கு மரியாதை என்று நினைக்காதீர்கள். பழுது வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக!

கி.மு. 221-இல் சீனா முழுவதையும் பிடித்த இந்த சின் அரசு இயந்திரம் பதினைந்து வருடம்கூடத் தாங்கவில்லை. 210-இல் பேரரசர் பயணத்தில் இறக்க, கூட இருந்தவர்கள் அதை மறைத்தார்கள். பிண வாடை தெரியாமலிருக்க வண்டிகளில் கருவாடு ஏற்றினார்களாம். மூத்த மகனைப் போலி ஆணையால் சாகவைத்து, இளையவனை அரியணையில் ஏற்றினார்கள். அடுத்த வருடம் காவலுக்குப் போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். தாமதத்துக்கு மரண தண்டனை, கலகத்துக்கும் அதேதான், அப்படியானால் கலகமே செய்வோம் என்றார் அவர்களில் ஒருவரான சென் ஷெங். அருமையான கதை. ஆனால் 1975-இல் ஹூபே மாகாணத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த சின் சட்ட மூங்கில் ஏடுகளில், அரசு வேலைக்குத் தாமதமாக ஆள் வந்தால் ஒரு கேடயமோ ஒரு கவசமோ அபராதம், அவ்வளவுதான். கதையை எழுதிவைத்தது, சின்னுக்குப் பிறகு ஆண்ட ஹான் வம்சத்தின் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியான். தோற்றவனைப் பற்றி ஜெயித்தவன் ஊரில் எழுதினால் கொஞ்சம் காரம் கூடத்தான் செய்யும்.

காரம் என்றதும் ஞாபகம் வருகிறது, யாங்ரோ பாவ்மோ! கெட்டி ரொட்டியை நாமே பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும், அதில் ஆட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவார்கள். நான் பெரிது பெரிதாகப் பிய்த்ததைப் பார்த்துக் கடைக்கார அம்மா தலையிலடித்துக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பித் தந்தார். சுண்டு விரல் நகம் அளவு இருக்க வேண்டுமாம். இருபது நிமிட வேலை. விரல் வலித்தாலும் மறுநாளும் போனேன்.

கடைசி நாள் ஹான் யாங்லிங். விமான நிலையத்துக்குப் பக்கம், கூட்டமே இல்லை. ஹான் பேரரசர் ஜிங்கின் சமாதி. நிலவரியை முப்பதில் ஒரு பங்காக வைத்தவர். கண்ணாடித் தரைக்குக் கீழே அறுபது சென்டிமீட்டர் பொம்மைகள், பட்டாடையும் மரக்கைகளும் மக்கிப்போய் அம்மணமாக நிற்கின்றன. பக்கத்தில் வரிசை வரிசையாக மண் பன்றி, ஆடு, நாய். ஆயிரக்கணக்கான வீரர்களைவிட எனக்கு இந்தப் பன்றிகளைத்தான் பிடித்தது. இவரல்லவா மன்னர் என்று உருகிக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்தேன்: இதே சமாதிக்கு அருகில் கைதிகளின் இடுகாடு ஒன்றைத் தோண்டியிருக்கிறார்கள். எலும்புகளின் கழுத்தில் இரும்பு வளையம்.