தடைக்காலத்தில் வரும் ஃபீஸ்

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் விதிக்கப்படும் இந்தத் தடை தேவையானதுதான். ஆனால் தனியார் பள்ளிகள் புத்தகம், சீருடை, முதல் டேர்ம் ஃபீஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பதும் இதே வாரங்களில்தான். ஏற்றத்தாழ்வு என்றவுடன் வருமானம் எவ்வளவு என்றே கணக்குப் பார்க்கிறோம். அந்த வருமானம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் பிள்ளைகளின் படிப்பைப் பாதிப்பதை வடசென்னையில் வருடா வருடம் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர், சென்ற ஜூனில் மகனின் ஃபீஸுக்காகத் தண்டல் கடன் வாங்கினார். ரூ.10,000 என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போக ரூ.9,000தான் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு ரூ.100 வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். கட்டிய நாளுக்கெல்லாம் தண்டல்காரர் ஒரு சிறிய அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார். வியாபாரம் படுத்த நாட்களில் அந்தக் கட்டம் காலியாகவே நிற்கும். ஆக, ஒரே வகுப்பில் படிக்கும் மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையைவிட இந்தப் பையனின் படிப்புக்கு ரூ.1,000 கூடுதலாகச் செலவாகிறது. அதில் ஒரு காசுகூட அவன் படிப்பில் சேர்வதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாமே என்று கேட்டேன். "இங்கிலீஷ் பேச வரணும் தம்பி, நம்மள மாதிரி ஆயிடக் கூடாது" என்றார். சமச்சீர்க் கல்வி வந்தபின் மெட்ரிக் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் ஒரே பாடநூல்தான்; மாநகராட்சிப் பள்ளியில் விலையில்லாமல் கொடுக்கும் புத்தகத்துக்குத்தான் இவர் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார். இருந்தாலும் அவர் ஆசையைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25% இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் உண்டு. விண்ணப்பிக்க வருமானச் சான்று, இ-சேவை மையம் என்று அலைய வேண்டும். ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி.

ஏழைப் பிள்ளையின் அன்றாடத்தைக் கணக்கில் கொண்ட திட்டங்கள் இங்கு இல்லாமலில்லை. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. அந்த அக்கறை கட்டண விஷயத்துக்கும் வர வேண்டும். தனியார் பள்ளிகள் ஜூலையில் தொடங்கி மாதத் தவணையாகக் கட்டணம் வாங்கட்டும். கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதை, மன உளைச்சல் தரும் தண்டனையைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டிக் கல்வி அதிகாரிகள் நிறுத்த வேண்டும்.